ஆரம்பித்தவர் இல்லாத சனிக்கிழமை: இணைய இசைக் குழுவைத் தொடர்ந்து நடத்துவது எப்படி

எங்கள் குழுவில் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு எல்லோரும் குரல் அறைக்கு வந்துவிடுவோம். பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டு ஒன்றாகக் கேட்போம், அப்புறம் அதைப் பற்றிப் பேசுவோம். குழுவின் உயிரே அதுதான். ஆரம்பித்தவரை வயது பார்க்காமல் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டோம். அவர் இறந்த ஐந்தாவது நாள் சனிக்கிழமை வந்தது. நாற்பது பேருக்கு மேல் வந்து காத்திருந்தோம். பதிவை ஓடவிடும் அனுமதி அவர் கணக்குக்கு மட்டுமே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் தன் கைபேசியில் ஒரு பதிவை ஓடவிட்டு மைக் பக்கத்தில் வைத்தார். தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது மாதிரி கேட்டது, ஆனாலும் கடைசி வரை கேட்டோம்.

அதற்கப்புறம் ஒரு வருடம் போராடிக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். உங்கள் குழுவில் இப்போதுதான் இப்படி நடந்திருந்தால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: கூடுவது நிற்கக் கூடாது, சாவிகள், அதாவது கணக்குகளும் பாஸ்வேர்டுகளும், தொலையக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே ஆட்கள் செய்யக் கூடாது. சனிக்கிழமைக் கூட்டத்தை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளட்டும். டொமைன் (குழுவின் இணையதள முகவரிப் பெயர்), சர்வர் (தளம் ஓடும் கணினி), கணக்குகள் எல்லாவற்றையும் வேறு இரண்டு பேர் சத்தமில்லாமல் பார்க்கட்டும். எல்லோரும் சாவி தேடப் போனதால் கூட்டம் வருவதை நிறுத்திவிட்டது என்றால், சாவி கிடைத்தும் திறந்து வைக்க வீடு இருக்காது.

முதல் நாட்கள்

செய்தி வந்ததும் குழுவில் போட்டுவிடத் தோன்றும். பொறுங்கள். குடும்பத்தில் ஒருவரிடம் நேரடியாக உறுதிசெய்த பிறகு, அவர்கள் சம்மதித்த வார்த்தைகளில் அறிவியுங்கள். காரணம், இடம், நேரம் இதெல்லாம் அவர்கள் சொல்லச் சொன்னால் மட்டும். குடும்பத்தோடு பேச குழுவிலிருந்து ஒரே ஒரு ஆள் போதும். முப்பது பேர் ஆளுக்கொரு பக்கம் ஆறுதல் சொல்லிவிட்டு அதே மூச்சில் பாஸ்வேர்டு கேட்டால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு குழு இருந்ததே அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். எங்கள் அண்ணனின் மகள், "அப்பா ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோடோ சிரிப்பார், அது நீங்கள்தானா?" என்று கேட்டார். அவரிடம் முதல் நாள் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. குழுவில் வந்த இரங்கல் எழுத்துகளைத் தொகுத்து அனுப்பினோம், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்: அவருடைய கைபேசியில் உள்ளதை அழித்துவிடாதீர்கள், சிம் எண்ணை ரத்து செய்யாதீர்கள். ஏனென்றால் இன்றைக்கு எந்தக் கணக்கைத் திறந்தாலும் ஓடிபி அந்த எண்ணுக்கோ அந்தக் கைபேசியில் உள்ள செயலிக்கோதான் போகும். எண் போய்விட்டால் மின்னஞ்சல் போச்சு, மின்னஞ்சல் போனால் டொமைன், சர்வர், மேகச் சேமிப்பு என்று வரிசையாக எல்லாம் பூட்டிக்கொள்ளும். குடும்பத்துக்குமே இது உதவும், அவருடைய புகைப்படங்களும் வங்கி விவரங்களும் அதே கைபேசியில்தான் இருக்கும்.

அதோடு, நேரம் குறித்து வைத்த பதிவுகள் வரிசையில் ஏதாவது இருக்கிறதா என்று உடனே பாருங்கள். எங்களுக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அண்ணன் பெயரில் ஒரு அறிவிப்பு வந்தது: "இந்த சனிக்கிழமை கொஞ்சம் நீளமான பதிவு, தலையணை எடுத்துக்கொண்டு வாருங்கள்." அவர் இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதி வைத்தது. சிலர் அழுதார்கள், சிலருக்குக் கோபம், யாரோ அவர் கணக்கில் புகுந்துவிட்டார்கள் என்று. அந்த வாரம் அவர் குறித்திருந்த பதிவையேதான் கேட்டோம், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருந்தால் குடும்பத்திடமும் குழுவிடமும் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். "இவர் உள்ளே வந்து ரொம்ப நாளாகிவிட்டது", "இன்று இவருக்குப் பிறந்தநாள்" என்று தளம் தானாக அனுப்பும் அறிவிப்புகளையும் அவர் கணக்குக்கு நிறுத்திவிடுங்கள்.

சாவிகள்

ஒரு தாளை எடுத்து அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள்: டொமைன், சர்வர், இவற்றுக்குப் பணம் போகும் கார்டு, மின்னஞ்சல், மேகச் சேமிப்பு, அரட்டைக் குழுக்களின் உரிமை, நன்கொடை வந்து சேரும் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதியில் சாகும் என்று எழுதுங்கள். அந்தத் தேதி வரிசைதான் உங்கள் வேலை வரிசை.

பெரும்பாலும் முதலில் விழுவது பணம். மரணம் வங்கிக்குத் தெரிந்ததும் கார்டு முடங்கும், மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த சர்வர் கட்டணம் நிற்கும். கொஞ்ச நாள் நினைவூட்டல் வரும், அப்புறம் சர்வரை நிறுத்துவார்கள், அதற்கும் அப்புறம் அழித்துவிடுவார்கள். நினைவூட்டல்கள் போவது யாரும் திறக்காத பெட்டிக்கு. அதனால் சர்வர் நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், உரிமை மாற்றம் பிறகு நடக்கட்டும், இப்போதைக்குக் கட்டணத்தை நாங்கள் கட்டலாமா என்று மட்டும் கேளுங்கள். கணக்கைத் திறக்கச் சொன்னால் மறுப்பவர்கள்கூட பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பது உண்டு.

அடுத்து டொமைன். இதில் நாங்கள் அடி வாங்கினோம். முடிவுத் தேதியை யார் வேண்டுமானாலும் டொமைன் விவரம் காட்டும் 'ஹூஈஸ்' தேடலில் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை, நாங்கள் பார்க்கவில்லை. ஏழாவது மாதம் ஒருநாள் எங்கள் தளத்தைத் திறந்தால் விளம்பரப் பக்கம் நிற்கிறது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி முடிவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாட்களுக்குள்ளும் பதிவாளர் நிறுவனம் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) நினைவூட்ட வேண்டும். நினைவூட்டியிருக்கிறார்கள், எல்லாம் அண்ணனின் மின்னஞ்சலில். முடிந்த பிறகு பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை பெயரைப் பிடித்து வைக்கலாம், சிலர் அதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், வழக்கத்தைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள். அதுவும் தாண்டினால் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும், முந்துகிறவருக்குச் சொந்தம். நாங்கள் மீட்புக் காலத்தில் மாட்டிக்கொண்டோம். மகள் இறப்புச் சான்றிதழும் வாரிசு ஆவணமும் அனுப்பி, மூன்று வாரம் கடிதம் எழுதி எழுதித்தான் திரும்பக் கிடைத்தது. டாட் இன் போன்ற நாட்டுக் குறியீட்டுப் பெயர்களுக்கு விதி வேறாக இருக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்கு வந்ததும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள், டாட் காம் என்றால் ஒரே நேரத்தில் 10 ஆண்டு வரை முடியும்.

இன்னொரு பொறி: டொமைன் கணக்கின் தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் விழுந்தால் மின்னஞ்சலும் விழும், மின்னஞ்சல் இல்லாமல் டொமைனை எடுக்க முடியாது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.

பாஸ்வேர்டு தெரிந்தவர் குழுவில் இருந்தால் இறந்தவர் கணக்கில் நுழைந்து வேலையை முடித்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அது பெரும்பாலான நிறுவனங்களின் விதிக்கு எதிரானது, பல நாடுகளில் சட்டச் சிக்கலும் வரும். அதைவிட முக்கியம், உள்ளே இறந்தவருடைய அந்தரங்கக் கடிதங்கள் இருக்கின்றன. சட்டப்படி வாரிசான ஒருவர் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்ப உதவுங்கள். கூகுள் யாருக்கும் பாஸ்வேர்டு தராது, ஆனால் நெருங்கிய உறவினர் விண்ணப்பித்தால் பரிசீலித்து, சில நேரம் உள்ளடக்கத்தைத் தரும். 2 ஆண்டு தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்பதும் அவர்கள் விதி, அதனால் ஆறப்போடாதீர்கள். ஃபேஸ்புக்கில் இன்னும் கவனம் வேண்டும்: கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிவிட்டால் அதில் யாரும் நுழைய முடியாது, ஒரு பக்கத்துக்கு அவர் மட்டுமே அட்மின் என்றால் அந்தப் பக்கமே நீக்கப்படும். நல்ல எண்ணத்தில் யாரோ ஒரு நண்பர் விண்ணப்பம் போட்டுவிடுவார், அதற்கு முன் குழுவில் சொல்லி வையுங்கள். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் உரிமையாளர் மட்டுமே சர்வரை (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியும், மற்ற அட்மின்களால் முடியாது. வாட்ஸாப் கணக்கு 120 நாள் பயன்படுத்தாவிட்டால் பொதுவாக அழிந்துவிடும். டெலிகிராமிலும் குறிப்பிட்ட காலம் தொடாத கணக்கு தானாக அழியும்.

இசையைக் காப்பாற்றுவது

சாவி எல்லாம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பொதுவில் இருப்பதை இன்றே நகல் எடுங்கள். ஆனால் எல்லோரும் ஒரே ராத்திரியில் இறக்க ஆரம்பித்தால் சர்வர் படுத்துவிடும், ஒருவர் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுங்கள். அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். சிடி தரத்தில் சுருக்காத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, மணிக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. தரம் இழக்காத ஃபிளாக் வடிவத்தில் பெரும்பாலும் பாதிப் பக்கம் வந்துவிடும். ஆயிரம் மணி நேர இசை ஒரு சின்ன ஹார்டுடிஸ்கில் அடங்கும். இடம் மிச்சம் என்று மூலக் கோப்புகளை எம்பி3 ஆக்கிவிடாதீர்கள், போன ஒலி திரும்பி வராது. ஃபிளாக் கோப்புக்குள்ளேயே ஒலியின் சரிபார்ப்பு எண் இருக்கும், நகல் எடுத்ததும் ஒரு சோதனை ஓட்டினால் கெட்டுப்போனது தெரிந்துவிடும். மொத்தம் மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில்.

பெரிய நிறுவனத்திடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் மக்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019-ல் தெரியவந்தது, 5 கோடிக்கு மேல் என்றார்கள். அதில் ஏறக்குறைய 4,90,000 பாட்டுகள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் மூலம் திரும்பி வந்தன, அதுவும் ஆய்வுக்காக யாரோ முன்பே நகல் எடுத்து வைத்திருந்ததால்.

பாட்டுக் கோப்பு மட்டும் போதாது. தளத்தின் தரவுத்தளத்தையும் எடுங்கள். யார் பாடியது, யார் பதிவு செய்தது, எந்த வருடம், அதைப் பற்றி எட்டு வருடமாக யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது பெயரில்லாத ஒலிகளின் மூட்டை. எங்கள் அண்ணன் கோப்புப் பெயரிலேயே குறிப்பு எழுதும் ஆள்: "மழை சத்தம் உண்டு", "12-வது நிமிடத்தில் ஒரு இருமல், வெட்டாதீர்கள்". அந்த இருமலை வெட்டலாமா என்று அவர் போன பிறகு ஒருவர் கேட்டார், சுத்தமாக இருக்குமே என்று. மூலத்தைத் தொடாதே, வேண்டுமென்றால் தனியாக ஒரு சுத்தமான நகல் வைத்துக்கொள் என்று முடிவு செய்தோம். இது உங்களுக்கும் நல்ல விதி.

உரிமை விஷயத்தில் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். உறுப்பினர்கள் ஏற்றியவை அவரவர் அனுமதியோடு வந்தவை, தளம் கைமாறுகிறது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவர்களுடையதை எடுத்துவிடுங்கள். அண்ணன் மாதிரி நிறுவியவர் சொந்தமாகப் படைத்தவை இப்போது வாரிசுகளுடையவை. பெரும்பாலான நாடுகளில் படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டு வரை உரிமை இருக்கும், பல நாடுகளில் 70. ஏற்கெனவே வெளியில் இருப்பதைத் தொடர்ந்து வைக்கலாம், அவர் பெயரைப் பயன்படுத்தலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அவர் வெளியிடாமல் வைத்திருந்த பதிவு கையில் கிடைத்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், குடும்பம் கேட்டு முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

அவருக்குப் பதில் ஒருவரைத் தேடாதீர்கள்

எல்லோரும் செய்யும் தப்பு இது. குழுவில் அதிகம் பேசுகிறவரையோ அவரோடு அதிகம் பழகியவரையோ பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஆறு மாதத்தில் அவர் சோர்ந்துபோவார், மற்றவர்களுக்கும் அவர் அண்ணன் இல்லையே என்ற குறை இருந்துகொண்டே இருக்கும்.

அதற்குப் பதில் ஒரு வாரம் எது எது நடக்காமல் போகிறது என்று பாருங்கள். எங்கள் பட்டியலில் சர்வரும் பேக்கப்பும் மேலே இருக்கும் என்று நினைத்தோம். உண்மையில் முதலில் தெரிந்த ஓட்டை, புதிதாக வருகிறவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை என்பதுதான். அண்ணன் ஒவ்வொருவரிடமும் "முதன்முதலில் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்?" என்று கேட்பார், பதிலை ஞாபகம் வைத்திருப்பார். சண்டை முற்றும் முன் இருவருக்கும் தனியாக எழுதுவார். பழைய உறுப்பினர் ஒரு மாதம் காணவில்லை என்றால் விசாரிப்பார். இதெல்லாம் வேலை என்றே யாரும் எண்ணியதில்லை. இப்போது வரவேற்பது ஒருவர், சமாதானம் செய்வது இரண்டு பேர், குறிப்பு எழுதுவது மூன்று பேர், சனிக்கிழமை நடத்துவது வாரம் ஒருவர். முதலில் கூச்சப்பட்டவர்கள்தான் இப்போது நன்றாக நடத்துகிறார்கள்.

முடிவெடுக்க ஐந்து பேர் வைத்தோம், இரண்டு வருடத்துக்கு. ஒவ்வொரு சாவியும் குறைந்தது இரண்டு பேரிடம். வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி ஒரு விரிதாளில் போடுகிறோம். நினைவாகத் தரும் பணத்தையும் சர்வர் பணத்தையும் கலக்காதீர்கள், குடும்பத்துக்கு என்று வந்தது குடும்பத்துக்கே போக வேண்டும். குழு பெரியது என்றால் தனிநபர் பெயரில் இல்லாமல் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்வது நல்லது. சிடிடிபி என்ற இசைத் தரவுத்தளம் ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா தட்டச்சு செய்து கொடுத்ததில் வளர்ந்தது, பிறகு வணிக நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு பிறந்த மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இன்னொரு இசைத் தரவுத்தளம் 2004-ல் ஒரு லாபநோக்கற்ற அறக்கட்டளைக்குக் கீழே போனது, தரவை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம் என்றும் வைத்திருக்கிறார்கள்.

மூன்று மாதம் வரை கட்டாயமானதைத் தவிர எதையும் மாற்றாதீர்கள், நிறம், பெயர், விதி எதையும். அப்புறம் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். அப்போது ஒரு வாக்கியம் வரும்: "அண்ணன் இருந்திருந்தால் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்." எதிர்த்தரப்பும் அதையே சொல்லும். பதில் சொல்ல அவர் இல்லை, அதனால் அந்த வாக்கியத்தை வைத்து யார் வாதாடினாலும் சண்டை முடியாது. முடிவெடுக்கும் பேச்சில் அதைப் பயன்படுத்துவதில்லை என்று நாங்கள் விதியே போட்டோம். அவரைப் பற்றிப் பேச வேறு இடம் வைத்தோம்: அவர் கணக்கை அழிக்காமல், புதிதாக எழுத முடியாதபடி பூட்டி, அவர் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பதிவு செய்தவை மட்டும் கேட்கிறோம். ஒவ்வொரு வாரமும் அஞ்சலி என்றால் புதிதாக வருகிறவர் அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் நுழைந்த மாதிரி வாசலிலேயே நின்றுவிடுவார்.

சிலர் போய்விடுவார்கள். அவருக்காக மட்டும் வந்தவர்கள் அவர்கள், பிடித்து இழுக்காதீர்கள். நடத்த ஆளே இல்லை என்றால் எழுதுவதை நிறுத்தி, படிக்கவும் கேட்கவும் மட்டும் திறந்து வைக்கலாம். தளத்தைச் சாதாரணப் பக்கங்களாக மாற்றி வைத்தால் பராமரிப்பு மிகக் குறைவு. அதுவும் மரியாதையான முடிவுதான்.

இப்போது சாவி வைத்திருக்கும் உங்களுக்கும் இதே நிலை வரலாம். பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் மேலாளர் செயலிகள் சிலவற்றில் அவசர அணுகல் வசதி இருக்கிறது, அதில் ஒரு ஆளைச் சேர்த்து வையுங்கள். கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளரைத் திறந்தால் 3 முதல் 18 மாதம் வரை ஒரு காலம் குறித்து, அவ்வளவு நாள் கணக்கைத் தொடாவிட்டால் தகவல் போய்ச் சேர 10 பேர் வரை நியமிக்கலாம். ஆப்பிளில் இறந்த பிறகு கணக்கை அணுக மரபுத் தொடர்பு என்று 5 பேர் வரை. அப்புறம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எது எங்கே இருக்கிறது, எப்போது முடிகிறது, பேக்கப்பிலிருந்து தளத்தை எப்படி எழுப்புவது. எழுதியது சரியா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறோம், இதுவரை செய்யாத ஒருவர் அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றுச் சர்வரில் தளத்தை எழுப்ப வேண்டும். போன தடவை ஒரு புது உறுப்பினர் செய்தார், நாலு மணி நேரம் ஆனது, பாட்டுக் கோப்புறைக்கு அனுமதி கொடுக்கும் வரி விட்டுப்போயிருந்தது. எழுந்ததும் சரிபார்க்க அவர் முதலில் ஓடவிட்ட பதிவில் 12-வது நிமிடம் இருமல் வந்தது. விட்டுப்போன வரியை அன்றைக்கே சேர்த்துவிட்டோம்.